ஆபரேட்டரம்மா வெளிச்சத்தைக் குறைக்கவில்லை

ஆபரேட்டரம்மாவுக்கு அந்த வேலை கிடைத்ததே ஒரு சண்டையில்தான். சண்டை வேறு யாரோடும் இல்லை, கட்டிய கணவரோடு.

கடைவீதி முடிகிற முக்கில் இருக்கும் ஒற்றைத் திரைத் தியேட்டருக்கு அவர் மேனேஜர். முன்பு படம் ஓட்டிக்கொண்டிருந்தவர் பெரிய தியேட்டர் ஒன்றில் இடம் கிடைத்துப் போய்விட்டார். டிஜிட்டல் புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்ல, மேனேஜர் ஊரெல்லாம் விசாரித்தார், வீட்டைத் தவிர.

வீட்டில்தான் அந்த ஆள் இருந்தாள். டி.வி. ரிப்பேர் கடைக்காரரின் மகள். கல்யாணத்துக்கு முன்னால் கூட்டங்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் புரொஜெக்டர் வாடகைக்கு விடும் கம்பெனியில் இருந்தவள். மேடைக்குப் பின்னால் ஒயரோடு ஒயராகக் கிடந்து, பேச்சாளர் தொண்டையைச் செருமுவதற்குள் படத்தை வரவைத்த கை அவளுடையது.

"நான் வரேனே, எனக்குத் தெரிஞ்ச வேலைதானே," என்றாள்.

"புருஷன் மேனேஜர், பொண்டாட்டி ஆபரேட்டர்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"படம் நல்லா தெரியுதுன்னு பேசுவாங்க."

அதோடு பேச்சை முடித்துவிட்டதாக அவர் நினைத்தார். மறுநாள் காலையில் அவள் நேராக முதலாளியின் அறைக்குப் போய் நின்றாள். முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிப் போட்டால் ஒருவரும் ஓட மாட்டார்கள் என்று தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டார். மேனேஜர் அன்று மதியம் தன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது, மனைவி கழுத்தில் தியேட்டர் அடையாள அட்டையோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவருக்குப் புரையேறியது.

ஆபரேட்டர் அறை மாடியில், பால்கனிக்குப் பின்னால், செங்குத்தான படிக்கட்டின் உச்சியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. திரையைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி, புரொஜெக்டரின் ஒளி வெளியே போக இன்னொரு கண்ணாடி, அவ்வளவுதான். நடுவில் பீரோவைப் படுக்கவைத்த மாதிரி புரொஜெக்டர். அதன் முதுகிலிருந்து கூரைக்கு ஏறும் தடித்த புகைபோக்கிக் குழாய் வழியாக விளக்கின் சூடு வெளியேறும். இந்தப் பெட்டிக்கு விளக்குதான் உயிர். கண்ணாடிக் குமிழுக்குள் வாயுவை அடைத்து வைத்த விளக்கு அது. அணைந்து ஆறிக் கிடந்தாலும் உள்ளே அழுத்தம் குறையாது, தப்பாகத் தொட்டால் வெடித்துவிடும்.

அவள் வந்த வாரமே காற்று வடிகட்டிகளைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தட்டினாள். எழுந்த தூசியில் வாட்ச்மேன் பத்தடி தள்ளிப் போய் நின்றார். "இத்தனை நாளா இதை மூக்குல வச்சுக்கிட்டுத்தான் இந்த மெஷின் மூச்சு விட்டுச்சா?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு கழுவி, காயவைத்து மாட்டினாள். லென்ஸ் துடைக்க ஒரு துணி, கண்ணாடி துடைக்க வேறு துணி. இரண்டையும் யாராவது மாற்றி எடுத்தால் அன்றைக்கு அவர் பாடு அவ்வளவுதான். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அவளுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் ஆபரேட்டரம்மா என்பதே நிலைத்தது. மாமியார்கூட வீட்டில் கூப்பிடும்போது, கிண்டலாகவா மரியாதையாகவா என்று தெரியாத குரலில் அப்படித்தான் கூப்பிட்டார்.

தொல்லை ஆரம்பித்தது வெளிச்சத்தில்.

விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் தேயும், கரண்டும் அதிகம் இழுக்கும். முதலாளிக்கு இது நன்றாகவே தெரியும். விளக்கைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் எரியவிட்டால் போதும் என்று உத்தரவு போட்டார். அது போதாதென்று இன்னொன்று. காலைக் காட்சியில் குழந்தைகளுக்கான முப்பரிமாணப் படம் ஓடியது. அதற்காக லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடித் தகட்டைப் பொருத்த வேண்டும். சாதாரணப் படம் ஓடும்போது கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற வெளிச்சத்திலும் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். கழற்றி மாட்டினால் தகட்டில் கீறல் விழும், அப்படியே இருக்கட்டும் என்றார் முதலாளி.

இந்த உத்தரவைக் கொண்டுவந்தவர் மேனேஜர். மேலே இருந்து சொல்வதைக் கீழே சொல்லி, கீழே இருந்து வருவதை மேலே சொல்லாமல் மென்று விழுங்கியே தலை நரைத்த மனுஷன் அவர்.

"கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு இருட்டு ரூம்ல ஊசியில நூல் கோக்கச் சொல்றீங்களே," என்றாள்.

"யாருமே புகார் சொல்லலையேம்மா."

"படம் எடுத்தவன்தான் சரியில்லன்னு திட்டிட்டுப் போறாங்க. உங்ககிட்ட எதுக்குப் புகார் சொல்லப்போறாங்க?"

அவள் கேட்கவில்லை. காலைக் காட்சி முடிந்ததும் தகட்டைக் கழற்றினாள், விளக்கை ஏற்றினாள். கரண்ட் பில்லைப் பார்த்து முதலாளி கண்டுபிடித்தார். விளக்கின் அளவை மாற்ற முடியாதபடி ரகசிய எண் போடச் சொன்னார். மேனேஜர் யோசித்து யோசித்து ஒரு எண்ணைப் போட்டார். அவள் முதல் தடவையிலேயே திறந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று வீட்டில் வந்து கேட்டார்.

"நம்ம கல்யாணத் தேதி. உங்க கற்பனை அதுக்கு மேல போகாது."

அதன் பிறகு எண்ணை முதலாளியே போட்டார். தகட்டையும் கழற்ற முடியாதபடி சின்னப் பூட்டு ஒன்று வந்தது. அவள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். ஆனால் பூட்டைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அந்தச் சமயம் அவ்வளவுதான் செய்ய முடிந்தது. இருட்டுப் படமே ஓடியது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தையல்காரரின் மகன் ஒளிப்பதிவு செய்த படம் வந்தது.

தையல்காரருக்குத் தியேட்டருக்கு எதிரே கடை. அவர் மகன் ஒரு சினிமாவுக்கு முதன்முதலாகக் கேமரா பிடித்திருக்கிறான் என்ற செய்தி வீதி முழுக்கப் பரவியிருந்தது, ஏனென்றால் அளவெடுக்க வந்தவர்களையெல்லாம் நாடாவைக் கழுத்தில் சுற்றியபடியே நிறுத்தி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் மாலைக் காட்சிக்குத் தன் தெருவையே அழைத்து வந்தார்.

கரண்ட் போன ஓர் இரவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடக்கிற கதை. முழுப் படமும் மெழுகுவத்தி, டார்ச், கைபேசி வெளிச்சம், இவ்வளவில்தான். ஆபரேட்டரம்மா அதை ஏற்கெனவே பார்த்திருந்தாள். படத்தைக் கணினியில் ஏற்றியதும் சரியாக வந்திருக்கிறதா என்று தன்னுடைய சின்னத் திரையில் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அதில் ஓரிடம். கணவனும் மனைவியும் மாடிப்படியில் நின்று ரகசியமாகச் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், மேல்படியில், இருட்டோடு இருட்டாக ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மனைவியின் அப்பா. மெழுகுவத்தியின் ஒளி அவர் கண்ணாடியின் விளிம்பிலும் முழங்காலிலும் மட்டும் பட்டிருக்கும். மீதிக் கதை முழுக்க அவர் கேட்டுவிட்டார் என்பதில்தான் நிற்கிறது.

பெரிய திரையில் அவர் இல்லை. ஆபரேட்டரம்மா சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். படி இருந்த இடத்தில் ஒரு கறுப்புதான் இருந்தது. புருஷன் பெண்டாட்டி முகங்கள்கூடச் சாம்பல் பூசியது போலக் கிடந்தன. கீழே யாரோ, "கரண்ட் போனது படத்துலயா, தியேட்டர்லயா?" என்று கேட்டார்கள். ஒரு பக்கம் முழுக்கச் சிரித்தது. பிறகு அந்த அப்பா மகளிடம், "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லும் இடத்தில், "எப்படித் தெரியும், ஜோசியமா?" என்று இன்னொரு குரல். மறுபடியும் சிரிப்பு.

படம் விட்டதும் அவள் இறங்கி வந்தாள். வாசல் கதவருகே தையல்காரர் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "பையனுக்கு முதல் படம். இன்னும் பழகணும். அடுத்ததுல சரியா வந்துடும்." யாரும் குறை சொல்லக்கூட இல்லை. அதற்கு முன்னாலேயே சொன்னார். சொல்லும்போது ஒவ்வொருவர் கையையும் பிடித்தார்.

ஆபரேட்டரம்மா பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார்.

மறுநாள் மாலைக் காட்சிக்கு வந்தபோது அவள் பையில் அப்பா கடையிலிருந்து வாங்கிவந்த வெட்டுக் குறடு இருந்தது. படம் தொடங்கி, படிக்கட்டுக் காட்சி முடிந்ததும் நிறுத்தினாள். ஹால் விளக்குகளைப் போட்டாள். படியிறங்கி, ஹாலுக்குள் நடந்து, திரைக்கு முன்னால் போய் நின்றாள். ஜனங்கள் விசிலடித்தார்கள்.

"நான்தான் மேல படம் ஓட்டுறவ," என்றாள். "இப்ப பாத்த சீன்ல எத்தனை பேர் இருந்தாங்க?"

"ரெண்டு பேரு," என்றார் ஒருவர். "அதுவே சந்தேகம்," என்றார் அடுத்தவர்.

"மூணு பேர். ஒருத்தரை நாங்க மறைச்சுட்டோம். படம் எடுத்தவங்க மேல தப்பு இல்ல. விளக்கைக் குறைச்சு, கண்ணாடியைப் போட்டு மூடினது இந்தத் தியேட்டர். கொஞ்சம் பொறுங்க, மறுபடி காட்டுறேன்."

"பேசாம படத்தைப் போடும்மா, பஸ்ஸுக்கு நேரமாகுது," என்று பின்னால் இருந்து ஒருவர் கத்தினார். இன்னொருவர் அவரை அதட்டினார். அதற்குள் மேனேஜர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, மனைவியைப் பார்த்து, ஜனத்தைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தார்.

அவள் மேலே ஏறினாள். பூட்டு ஒரே அழுத்தில் அறுந்தது. தகட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ரகசிய எண் தெரியாது. ஆனால் முதலாளி பூட்டியது புரொஜெக்டரின் கட்டுப்பாட்டுத் திரையில் வரும் அளவை மட்டும்தான், விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியிலேயே கையால் திருகும் குமிழ் ஒன்று இருந்தது. அதைத் திருகினாள். காட்சியைப் பின்னால் தள்ளி ஓட்டினாள்.

கீழே சத்தம் அடங்கியது. மெழுகுவத்திச் சுடருக்கு மஞ்சள் வந்தது. மனைவியின் கன்னத்தில் ஈரம் தெரிந்தது. அப்புறம் ஒரு பெண்குரல், "அய்யோ, படியில ஆள் இருக்காருடி," என்றது. ஹால் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடி நின்றது.

முதலாளி மறுநாள் காலையிலேயே வந்தார். அவளிடம் பேசவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னார். மேனேஜர் வந்து அவளிடம் சொன்னார்.

"நாளைலேர்ந்து வர வேண்டாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்." அவள் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "வேற என்ன சொல்றது? ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அடுப்பு எரியுமா?" என்றார்.

அவள் அடையாள அட்டையைக் கழற்றி அவர் சட்டைப்பையில் செருகினாள். லென்ஸ் துணியையும் கண்ணாடித் துணியையும் தன் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் மாமியார் மகனின் தட்டை அவர் முன்னால் தள்ளி வைத்தார். "பொண்டாட்டியையே வேலையை விட்டுத் தூக்கின பெரிய அதிகாரி. நீயே போட்டுச் சாப்பிடு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆபரேட்டரம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு மாமியாரின் பரிவும் வேண்டியிருக்கவில்லை, கணவரின் வருத்தமும் வேண்டியிருக்கவில்லை. அந்த மேல் அறைதான் வேண்டியிருந்தது. அதைக் கேட்டு வாங்க அவளுக்கு வாய் வரவில்லை, வரப்போவதும் இல்லை.

தியேட்டரில் படத்தை மேனேஜரே ஓட்டினார். தகட்டுக்குப் புதுப் பூட்டு, திரையில் பழைய மங்கல். பட்டனை அமுக்கினால் படம் ஓடும், அதிலொன்றும் வித்தை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். அது உண்மையும்கூட. ஆனால் அவர் எதிர்பார்க்காத ஒன்று டிக்கெட் கவுன்ட்டரில் நடந்தது. அந்த மாலைக் காட்சியைப் பார்த்தவர்கள் போய் மற்றவர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வருகிறவர்கள் பணத்தை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"படியில இருக்கிற ஆள் இன்னைக்குத் தெரிவாரா?"

கவுன்ட்டர்காரர் முதலில் விழித்தார். பிறகு, "மேனேஜரைக் கேளுங்க," என்று கைகாட்டத் தொடங்கினார். மேனேஜருக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். "பாருங்க... ஓரளவுக்கு..." என்று இழுத்தார். ஓரளவுக்குத் தெரிகிற ஆளைப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், படிக்கட்டுக் காட்சியில், "வெளிய வாங்க மாமா, பயப்படாதீங்க," என்று கூப்பிட்டார்கள்.

ஒரு மதியம் தையல்காரரே வந்தார். கூட அவர் மகனும் இருந்தான். ஒல்லியாக, தூக்கம் இல்லாத கண்களோடு, தன் படத்தைத் தன் ஊர் ஜனத்தோடு பார்க்க வந்திருந்தான். தையல்காரர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு டிக்கெட் கேட்டார், அவ்வளவுதான். "மாலைக் காட்சிக்கு," என்றார்.

மேனேஜர் டிக்கெட்டைக் கொடுத்தார். அப்புறம் மாடியேறிப் போய், முதலாளியிடம் கேட்காமல், தன் சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டைத் திறந்து தகட்டைக் கழற்றினார். மனைவி திருகிய குமிழைத் தேடிப் பிடித்துத் திருகினார். திரையில் வெளிச்சம் கூடியது, ஆனால் பழைய விளக்கு அடிக்கடி துடித்தது, கண் சிமிட்டுவது போல. ஓடி ஓடிக் களைத்த விளக்கு. புது விளக்கு முதலாளியின் அறையில், பெட்டி பிரிக்காமல், அலமாரிமேல் இருந்தது. அது தெரியும். மாற்றத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"விளக்கு மாத்தணும்," என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

"முதலாளி வரச் சொன்னாரா?"

"அவருக்குத் தெரியாது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்ததில்லை. "புது விளக்கு?"

"எடுத்து மேல வச்சுட்டேன்."

"அந்த ரூம் பூட்டியிருக்குமே."

"சாவி என்கிட்டதான இருக்கு," என்றார் மேனேஜர். காது சிவக்கவில்லை.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

விளக்கு ஆறும்வரை காத்திருந்தார்கள். அவள் முகத்துக்கு மறைப்பு மாட்டிக்கொண்டாள், முழங்கை வரை வரும் தடித்த உறைகளைப் போட்டாள். கணவரை வெளியே போகச் சொன்னாள். அவர் போகவில்லை, இன்னொரு மறைப்பை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். "அங்கேயே நில்லுங்க, தும்மக்கூடக் கூடாது," என்றாள். பின்பக்க மூடியைத் திறந்து, திருகு மறைகளைத் தளர்த்தி, பழைய விளக்கை இரண்டு கைகளாலும் மெல்ல வெளியே எடுத்து அதன் உறைப்பெட்டிக்குள் படுக்கவைத்தாள். புதியதைக் கண்ணாடியில் விரல் படாமல் முனைகளில் மட்டும் பிடித்து உள்ளே நுழைத்தாள். மறைகளை இறுக்கும்போது, அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூடப் போகாமல், மூச்சை அடக்கி நிறுத்தினாள். மூடியைப் போட்டதும்தான் இருவருக்கும் மூச்சு வந்தது. அவர் தும்மினார்.

விளக்கை ஏற்றி, வெறும் வெள்ளை ஒளியைத் திரையில் விட்டு, மூலைகளும் நடுவும் ஒரே சீராக வரும்வரை திருகாணிகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கீழே ஜனம் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. வெறும் வெளிச்சத்துக்கே யாரோ கைதட்டினார்கள்.

படத்தின் பாதியில் முதலாளி மேலே வந்தார்.

"யார் இவளை உள்ள விட்டது?"

"நான்தான் சார்," என்றார் மேனேஜர்.

"புது விளக்கை எடுத்தது?"

"அதுவும் நான்தான்."

முதலாளி அவரை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "இப்படி எரிச்சா எத்தனை நாளைக்கு வரும்? தேஞ்சு போயிடாதா?"

"தேயும். எரியறதுக்குத்தானே சார் வாங்கினீங்க? பெட்டியில வச்சுப் பாக்கவா?"

"உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சு, தெரியுமில்ல?"

"தெரியும். நான் வேலைக்கு வரல. வீட்டுக்காரர் கூப்பிட்டார், வந்தேன்."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "அன்னைக்கு ஜனங்க முன்னால தியேட்டர் மானத்தை வாங்கினாளே, அதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

"சொல்லலாம் சார்," என்றார் மேனேஜர். "நான் சொல்லி அவ எதைக் கேட்டிருக்கா?"

"கேக்க மாட்டேன்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்குச் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா சொல்லுங்க, கேக்கறேன்."

கீழே படிக்கட்டுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் ஒரு சத்தம் இல்லை. முதலாளி சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு இறங்கிப் போனார். வரவேண்டும் என்றும் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

காட்சி முடிந்து ஜனம் வெளியேறியபோது தையல்காரர் ஹால் கதவின் உட்பக்கம் நின்றிருந்தார். யார் கையையும் பிடிக்கவில்லை. இந்தத் தடவை மற்றவர்கள்தான் அவர் கையையும் மகன் கையையும் பிடித்தார்கள். மகன் மேலே ஆபரேட்டர் அறையின் சின்னக் கண்ணாடியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான். அவளுக்கு அங்கிருந்து தெரிந்ததா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தது.

மறுநாள் காலையில் ஆபரேட்டரம்மா குளித்து, சாப்பிட்டு, கணவருக்கு முன்னால் தியேட்டருக்குப் போனாள். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கவில்லை, அத்தனை நாளும் அவர் சட்டைப்பையிலேயே இருந்ததை எடுத்துக்கொண்டாள். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்றும் அவள் அங்கேதான் இருக்கிறாள். முதலாளியும் அவளும் நேருக்கு நேர் பேசி நாளாயிற்று. அவர் உத்தரவுகள் வழக்கம்போல மேனேஜர் வழியாகத்தான் வருகின்றன. போன வாரம் வந்தது, இடப்பக்க ஒலிபெருக்கி ஒன்று கரகரக்கிறது, அதை அணைத்துவிட்டு மற்றவற்றை வைத்து ஓட்டு என்று. மேனேஜர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஏணியைச் சுவரில் சாத்தியிருந்தாள்.

"முதலாளி அணைக்கத்தான் சொன்னாரு," என்றார் அவர், ஏணியைப் பிடித்துக்கொண்டே.

"கேட்டுச்சு. அந்தத் திருப்புளியைக் கொடுங்க."